ஒரு பெட்டி, மூன்று கேம்கார்டர்: வீட்டு வீடியோவில் அனலாகும் டிஜிட்டலும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு குடும்பத்தின் கேசட் பெட்டி. உள்ளே 1993க்கும் 1998க்கும் இடையில் எடுத்த ஹை8 (8 மி.மீ. நாடாவில் அனலாக் முறையில் பதிவது) கேசட்டுகள் ஆறு, 2001 முதல் 2006 வரையிலான மினிடிவி (சிறு நாடாவில் டிஜிட்டலாகப் பதிவது) கேசட்டுகள் ஐந்து, 2010இல் எடுத்த ஏ.வி.சி.எச்.டி. (கோப்பாக எழுதும் உயர்தெளிவு முறை) வீடியோ நிறைந்த எஸ்.டி. கார்டு ஒன்று. எல்லாம் பி.ஏ.எல். என்ற, நொடிக்கு 25 ஃபிரேம் (முழுப் படம்) ஓடும் தொலைக்காட்சி முறை. பல வீடுகளின் பரணில் கிடப்பது ஏறக்குறைய இதே கலவைதான் என்பதால் இதை மாதிரியாக வைத்துக்கொண்டோம். (இந்தக் கட்டுரை நெடுக ‘டிவி’ என்றால் டிஜிட்டல் வீடியோ என்ற பதிவு முறை. வீட்டில் பார்க்கும் பெட்டியைத் தொலைக்காட்சி என்றே எழுதுகிறோம்.)

மூன்று காலத்திலும் ஒரே மாதிரிக் காட்சி ஒன்று உண்டு. விளக்கணைத்த அறையில் பிறந்தநாள் மெழுகுவத்தி எரிகிறது. ஊதி அணைத்ததும் விளக்கைப் போடுகிறார்கள். குழந்தைகள் கேமராவுக்குக் குறுக்கே ஓடுகிறார்கள். இருட்டு, திடீர் வெளிச்சம், வேகமான அசைவு, கூச்சல் என நான்கும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுவதால், ஒப்பிட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

வீட்டார் கேட்பது இரண்டே கேள்வி. பழைய ஹை8, புது மினிடிவியைவிட இருட்டில் ஏன் இதமாக இருக்கிறது? எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்ற ஒரே கருவி போதுமா? முதல் கேள்விக்கு விடை கேமராவில் ஒளியை மின்னூட்டமாக்கும் சென்சாரில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, போதாது. ஹை8 படத்தின் தரம் நாம் அதை ஓட்டும் நாளில்தான் முடிவாகிறது. மினிடிவியின் தரம் படமெடுத்த நாளிலேயே முடிந்துபோனது; அதைச் சிந்தாமல் எடுத்துவருவது மட்டுமே நம் வேலை. கார்டில் இருப்பதை நகலெடுத்தால் போதும், ஆனால் அந்த நகலெடுப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

நாடாவுக்குள் இருப்பது

ஹை8 நாடாவில் படம் எண்ணாக இல்லை, அலையாக இருக்கிறது. ஒளி எவ்வளவு என்ற செய்தி 5.7க்கும் 7.7க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில் ஏறி இறங்குகிறது. நிறம் அதற்கு வெகு கீழே, 0.73 மெகாஹெர்ட்ஸ் அருகில் தனியாகப் பதிவாகிறது. 1989இல் வந்த இந்த முறையில் கிடைமட்டத் தெளிவு சுமார் 400 கோடு. அதற்கு முந்தைய வீடியோ8இலும் (1985) வி.எச்.எஸ்ஸிலும் 240 கோடு அளவுதான். நிறத்தின் தெளிவு மூன்றிலுமே மிகக் குறைவு. சிவப்புச் சட்டை போட்ட குழந்தை நகரும்போது சிவப்பு மட்டும் சட்டை விளிம்பைத் தாண்டி வழிவதைப் பார்க்கலாம். அது கேசட் கெட்டுப்போனதன் அடையாளமல்ல. அந்த முறையின் எல்லையே அவ்வளவுதான்.

அலை என்பதால் ஓட்டும் இயந்திரத்தின் ஒவ்வொரு குறையும் படத்தில் ஏறுகிறது. நாடாவைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருந்தால் படம் மங்கும். ஹெட்களைச் சுமந்து சுழலும் உருளையான டிரம்மின் சுழற்சி துளி தடுமாறினாலும் ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடம் முன்பின் நகர்ந்து, கதவு நிலை பாம்புபோல் நெளியும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு நகலெடுத்தால் இந்தக் குறைகளெல்லாம் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

1995இல் வந்த டிவி முறை அடியோடு வேறு. பி.ஏ.எல். டிவியில் ஒரு ஃபிரேம் சரியாக 1,44,000 பைட். வெற்றுச் சுவரைக் காட்டினாலும் ஓடும் கூட்டத்தைக் காட்டினாலும் அதே அளவுதான். நொடிக்கு 25 ஃபிரேம், ஆக நொடிக்கு 36 லட்சம் பைட், ஒரு மணி நேரத்துக்கு 12.96 ஜி.பி. ஒவ்வொரு ஃபிரேமும் மற்றதைச் சாராமல் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. அந்த ஃபிரேம் 6.35 மில்லிமீட்டர் அகல நாடாவில் 12 சாய்வுத் தடங்களாக எழுதப்படுகிறது. ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரோமீட்டர், டிரம்மின் வேகம் நிமிடத்துக்கு 9000 சுற்று. நாடாவிலிருந்து எண்கள் பிழையின்றி வந்துவிட்டால், எந்த கேமராவில் ஓட்டினாலும் படம் ஒன்றே. வராவிட்டால் அந்த இடத்தில் சதுரம் சதுரமாக உடையும். மங்கலாகக் கிடைப்பது என்ற நடுநிலை அங்கே கிடையாது.

2006இல் வந்த ஏ.வி.சி.எச்.டி. நாடாவையே விட்டுவிட்டது. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு அதிகபட்சம் 24 மெகாபிட் (பின்னால் வந்த 50 ஃபிரேம் வகையில் 28). டிவியின் 25 மெகாபிட்டுக்குக் கிட்டத்தட்ட சமமான இடத்தில் ஐந்து மடங்கு புள்ளிகள். இங்கே ஃபிரேம்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. காட்சி அமைதியாக இருந்தால் படம் அபாரம். இருட்டில் சென்சாரின் இரைச்சல் பொரிய ஆரம்பித்தால், சுருக்கும் வேலையைச் செய்யும் கோடெக் தன் பிட்டுகளையெல்லாம் அந்த இரைச்சலைப் பதிவதிலேயே செலவழித்துவிடும்.

மெழுகுவத்திக் காட்சி மூன்று விதத்தில்

ஹை8 பதிவில் அறை பழுப்பாகத் தெரிகிறது. இரைச்சல் உண்டு, ஆனால் மென்மையாக அசையும் மணல்போல். முகத்தின் கன்னமும் மூக்கும் நிழலோடு நிற்கின்றன. சுடரிலிருந்து மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு நீள்கிறது. அது அந்தக் கேமராவிலிருந்த சி.சி.டி. என்ற வகைச் சென்சாரின் இயல்பு; பளிச்சென்ற புள்ளியின் மின்னூட்டம் அந்தச் செங்குத்து வரிசை முழுக்க வழிந்துவிடுகிறது.

மினிடிவி பதிவில் சுடர் கூர்மையாக இருக்கிறது, ஆனால் முகங்கள் கருப்பில் அமிழ்ந்து கிடக்கின்றன. நிழலில் சாம்பல் நிறக் கட்டங்கள். இதற்கு டிவி முறையைக் குறை சொல்வது தவறு. தொண்ணூறுகளின் ஹை8 கேமராக்களில் 1/3 அங்குல சி.சி.டி. சாதாரணம். 2000க்குப் பின் கேமராவைச் சிறிதாக்கும் போட்டியில் வீட்டு மினிடிவி மாடல்கள் பலவற்றில் அது 1/6 அங்குலமாகச் சுருங்கியது. குறுக்களவு பாதியானால் பரப்பு கால்வாசி, விழும் ஒளியும் கால்வாசி. போதாததற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையும் கூடியது. அதே டிவி முறையில் மூன்று பெரிய சி.சி.டி. உள்ள கேமரா எடுத்த இருட்டுக் காட்சி எந்த ஹை8ஐயும் தோற்கடிக்கும். ஆகவே ‘அனலாக்தான் இருட்டில் நல்லது’ என்று பரவலாகச் சொல்வதை ஏற்க முடியாது. ஏற்கத்தக்க வாக்கியம் இது: பெரிய சென்சார் இருட்டில் நல்லது.

விளக்கு எரிந்த அடுத்த நொடியில் நிலைமை தலைகீழ். மினிடிவியில் சட்டையின் கட்டங்களை எண்ணலாம்; ஹை8இல் அது ஒரே நிறத் திட்டு. ஏ.வி.சி.எச்.டி.யில் சுவர்க் கடிகாரத்தின் முள்கூடத் தெரிகிறது. ஆனால் யாரோ ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கும் கணத்தில், ஃபிரேமின் மேல்பாதி இருண்டும் கீழ்ப்பாதி வெளுத்தும் போகிறது. அந்தக் கேமராவிலிருக்கும் சீமாஸ் என்ற வேறு வகைச் சென்சார் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதன் விளைவு அது. சி.சி.டி.யில் இந்தக் கோளாறு வராது.

ஒலியில் வித்தியாசம் குறைவு. ஹை8இல் படத்தோடு சேர்ந்தே பதிவாகும் எஃப்.எம். ஒலி வியக்கத்தக்க அளவு நன்றாகவே இருக்கிறது. வி.எச்.எஸ். கேசட்டின் விளிம்புத் தடத்து ஒலியோடு அதை ஒப்பிடவே கூடாது.

ஹை8ஐ மாற்றுதல்: பெரும்பாடு இங்கேதான்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைப்போம். 8 மி.மீ. கேசட்டை வி.எச்.எஸ். பிளேயரில் ஓட்ட அடாப்டர் எதுவும் கிடையாது. அப்படி அடாப்டர் இருப்பது வி.எச்.எஸ்-சி கேசட்டுக்கு மட்டும். அதிலிருப்பது அதே அரை அங்குல நாடா. கேசட்டின் மேல் ‘பி5-90’ என்றோ ‘பி6-120’ என்றோ இருப்பதை வைத்து உள்ளே பி.ஏ.எல்லா, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி.யா என்று முடிவு செய்வதும் தவறு. அது எந்த முறையில் எத்தனை நிமிடம் ஓடும் என்ற கணக்கு மட்டுமே. பதிவு எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது படமெடுத்த கேமரா.

படமெடுத்த அதே கேமராவை எடுத்தால் போதும் என்று தோன்றும். தொண்ணூறுகளின் 8 மி.மீ. கேமராக்களில் போர்டிலிருக்கும் சிறு மின்தேக்கிகள் கசிவது பரவலான நோய். ஆன் செய்த சில நொடியில் தானே அணைவது, ஒலி இல்லாமல் படம் மட்டும் வருவது, கேசட் கதவைத் திறந்தால் லேசான மீன் வாடை அடிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இப்படிப்பட்ட கேமராவில் கேசட்டைப் போட்டால், நாடா டிரம்மைச் சுற்றியிருக்கும் நிலையில் மோட்டார் நின்று, கசங்கிய நாடாவோடுதான் வெளியே எடுக்க நேரும்.

எங்கள் பரிந்துரை 1999இல் சோனி அறிமுகப்படுத்திய டிஜிட்டல்8 கேமரா. அது அதே 8 மி.மீ. கேசட்டில் டிவி முறையில் பதியும் (90 நிமிட பி.ஏ.எல். கேசட்டில் 60 நிமிடம்). பழைய வீடியோ8, ஹை8 பதிவுகளையும் ஓட்டி, உள்ளேயே டிவியாக மாற்றி ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியே தரும் மாடல்கள் அதில் உண்டு. எல்லா மாடல்களும் அப்படியல்ல. பின்னால் வந்த சிலவற்றில் அனலாக் ஓட்டும் வசதி இல்லை. கையேட்டில் ‘ஹை8 பிளேபேக்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. மெனுவில் டி.பி.சி. (கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் வசதி) என்று ஒன்று இருந்தால் ஆன் செய்ய வேண்டும். மேலே சொன்ன பாம்பு நெளிவை நேராக்குவது அதுதான். டி.என்.ஆர். என்பதை ஆஃப் செய்வது நல்லது. இரைச்சலைக் குறைக்கும் சாக்கில் ஓடும் குழந்தைக்குப் பின்னால் ஒரு நிழல் வாலை ஒட்டிவிடும்.

ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை: கேசட்டின் பின்புறச் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி அழிக்க முடியாத நிலைக்குக் கொண்டுவருதல், குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்ததென்றால் அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தல், ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பார்த்து வெள்ளைத் தூள் இருந்தால் ஓட்டாமல் தனியே ஒதுக்குதல். அது பூஞ்சை. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓட்டும் எல்லா கேசட்டுக்கும் பரவும். சுத்தமான கேசட்டை ஒருமுறை கடைசிவரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றினால் ஆண்டுக்கணக்காக அசையாமல் இருந்த சுருளின் இழுவிசை சீராகும்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பனித்துளி விழுந்ததுபோல் இரைச்சல் மூடினால் ஹெட்டில் அழுக்கு. கிளீனிங் கேசட் இருந்தால் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். அதிலும் தீராவிட்டால் கையால்தான் துடைக்க வேண்டும். பேட்டரியையும் மின்கம்பியையும் கழற்றிவிட்டுக் கேசட் கதவைத் திறந்தால் உள்ளே சாய்வாக நிற்கும் வெள்ளி நிற உருளை தெரியும். அதன் இடுப்பில், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடைவெளியில், கடுகின் கால்வாசி அளவில் துருத்திக்கொண்டிருப்பவைதான் ஹெட்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் பட்டையை டிரம்மின் பக்கவாட்டில் மெதுவாக ஒட்டி, அசைக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுகை விரலால் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மூன்று நான்கு சுற்று சுழற்ற வேண்டும். பட்டை நிற்கட்டும், டிரம் சுற்றட்டும். பட்டையை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அருகில் கொண்டுவரவே வேண்டாம்; ஒரு இழை சிக்கினாலும் அதே கதி. துடைத்தபின் கால் மணி நேரம் காயவிட வேண்டும். டிரம் ஈரமாக இருக்கும்போது கேசட்டைப் போட்டால் நாடா அதில் ஒட்டிக்கொள்ளும்.

டிஜிட்டல்8 கிடைக்காவிட்டால் நல்ல ஹை8 பிளேயர், எஸ்-வீடியோ கேபிள், படத்தைக் கணினிக்குள் பதியும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி என்ற வழி இருக்கிறது. மஞ்சள் முனை கொண்ட சாதாரண வீடியோ கேபிளைத் தவிர்க்க வேண்டும். நாடாவில் தனித்தனியாக இருக்கும் ஒளியையும் நிறத்தையும் அது ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. கேப்சர் கருவி மறுபடி பிரிக்கும்போது விளிம்புகளில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் மிஞ்சும். எஸ்-வீடியோவில் ஒலி வராது, ஆகவே சிவப்பு வெள்ளை ஒலிக் கேபிளும் தேவை. 720×576 புள்ளி, 4:2:2 (நிறத் தகவலை அதிகம் குறைக்காத அமைப்பு), ஒலி 48,000 ஹெர்ட்ஸ் என வைத்து, ஹஃப்யூவ் அல்லது எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லாத கோடெக்கில் பதிய வேண்டும். சுருக்காமல் பதிந்தால் மணிக்கு 75 ஜி.பி. ஆகும், இந்த கோடெக்குகள் அதைப் பாதி அளவுக்குக் கொண்டுவரும்.

இங்கே பலர் தவறுவது ஒளி அளவில். வீட்டு கேம்கார்டர்கள் வெள்ளையை வரம்பு தாண்டி எழுதுவது வழக்கம். கேப்சர் கருவியின் இயல்பு அமைப்பில் ஜன்னல் பக்கமும் வெள்ளைச் சட்டையும் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பதிவைத் தொடங்குமுன், கேசட்டிலேயே மிகவும் வெளிச்சமான காட்சியை ஓட்டி, ஹிஸ்டோகிராம் (ஒளி அளவு வரைபடம்) வெள்ளையின் வரம்பான 235க்குள் அடங்கும்வரை கான்ட்ராஸ்டைக் குறைக்க வேண்டும். பதிந்தபின் இதைத் திருத்த வழியே இல்லை. மென்பொருள் காட்டும் ‘விடுபட்ட ஃபிரேம்’ எண்ணிக்கையிலும் கண் வைக்க வேண்டும். அது கூடக்கூட உதட்டசைவும் பேச்சும் விலகிக்கொண்டே போகும்.

படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்தாற்போல் ஆடும். ஒரு ஹெட் விட்ட இடத்தில் அடுத்த ஹெட் தொடரும் மாற்றம் அது. எல்லா கேசட்டிலும் உண்டு, பழைய தொலைக்காட்சிகள் தம் ஓரத்தில் அதை மறைத்துவிட்டன. மூலக் கோப்பில் அதை வெட்டாமல், பார்ப்பதற்கென்று செய்யும் நகலில் கருப்புப் பட்டையால் மூடினால் போதும்.

மினிடிவி: நகலெடுப்பு, மாற்றமல்ல

மினிடிவி கேமராவிலும் மஞ்சள் கேபிள் துளை இருக்கிறது. அதில் மாட்டி கேப்சர் செய்வது டிஜிட்டலை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்குவது. கேமராவின் யு.எஸ்.பி. துளை பெரும்பாலான மாடல்களில் மெமரி கார்டுப் புகைப்படங்களுக்கோ தரம் குறைந்த வீடியோவுக்கோ வைத்தது. சரியான வழி ஃபயர்வயர்தான்: கேமரா பக்கம் 4 முனை, கணினிப் பக்கம் பெரும்பாலும் 6 முனை. ஒரு பக்கம் ஃபயர்வயரும் மறுபக்கம் யு.எஸ்.பி.யும் உள்ள வெறும் கேபிள்கள் விற்பனைக்கு உண்டு, அவை வேலை செய்யாது. இரண்டின் பேச்சு மொழியே வேறு. மேசைக் கணினியில் ஃபயர்வயர் அட்டை ஒன்றைச் செருகுவதே நம்பகமான ஏற்பாடு. கேபிளைச் செருகும்போது கேமரா அணைந்திருக்க வேண்டும். 6 முனைத் துளையில் மின்சாரம் வருகிறது. பிளக்கைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் ஃபயர்வயர் சிப் எரிந்துவிடும்.

விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் போன்ற சிறு மென்பொருள்கள் போதும். எடிட்டிங் மென்பொருளின் ‘இறக்குமதி’ சில சமயம் கேட்காமலேயே வேறு கோடெக்குக்கு மாற்றிவிடும். வந்த கோப்பைச் சரிபார்க்க எளிய கணக்கு உண்டு. முகப்புத் தகவல் ஏதும் சேராத வெறும் டிவி கோப்பென்றால் அளவை 1,44,000ஆல் வகுக்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால் அதுவே ஃபிரேம் எண்ணிக்கை. முழு 60 நிமிடத்துக்கு 90,000. குறைந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

பெட்டியிலிருக்கும் மினிடிவி கேசட்டுகளில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு, கிடைமட்டப் பட்டைகள். ஃபிரேம் 48 கோடு கொண்ட 12 பட்டையாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒன்று சரியாகவும் இடையிலிருப்பவை உறைந்துபோயும் காட்சி தருகின்றன. இது நாடா கெட்டதன் அறிகுறி அல்ல. ஒவ்வொரு பட்டையும் ஒரு தடம். இரண்டு ஹெட்களும் மாறி மாறித் தடங்களைப் படிக்கின்றன. ஒரு ஹெட் அடைத்துக்கொண்டால் ஆறு தடம் போகிறது. துடைத்தபின் அதே கேசட் முழுப் படத்தையும் தரும். மாறாக, சதுரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி உடைந்தால் நாடாவில் கீறலோ தூசியோ இருக்கிறது. அப்போது அதே பகுதியை இரண்டு மூன்று முறை பதிந்துகொள்ள வேண்டும். எந்தக் கட்டம் பிழையானது என்பதை டிவி கோப்பு தனக்குள்ளேயே குறித்துவைக்கிறது. டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அந்தக் குறிப்புகளைப் படித்து, பல பதிவுகளிலிருந்து நல்ல பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. அனலாக் மீட்பில் கனவிலும் கிடைக்காத வசதி.

எல்.பி. (அதிக நேரம் பதிவதற்கான குறைந்த) வேகத்தில் எடுத்த கேசட்டில் தடம் 6.7 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும். வேறு கேமராவில் உடைந்து தெரிந்தால், எடுத்த கேமராவையே தேடிப்பிடிக்க வேண்டும். கேசட் நடுவில் 12 பிட் ஒலியிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றியிருந்தால் (32,000லிருந்து 48,000 ஹெர்ட்ஸ்) கோப்பை அந்த இடத்தில் இரண்டாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்பாதியில் குரல் வேகம் மாறும். அதே கேசட்டில் 2003க்குப் பின் எச்.டி.வி. என்ற உயர்தெளிவுப் பதிவும் இருக்கலாம். அதில் ஃபிரேம்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டப்பட்டிருப்பதால் ஒரு சிறு கீறலுக்கே அரை நொடி போய்விடும்.

கார்டு

கார்டைத் திறந்து எம்.டி.எஸ். என்ற வீடியோ கோப்புகளை மட்டும் இழுத்துப்போட்டுக்கொள்வதுதான் இங்கே வழக்கமான தவறு. நீண்ட காட்சியைக் கேமரா 2 அல்லது 4 ஜி.பி. துண்டுகளாக வெட்டி எழுதியிருக்கும். எதற்குப் பின் எது என்ற செய்தி வேறு ஃபோல்டரில் இருக்கிறது. துண்டுகளைத் தனித்தனியாக ஓட்டினால் சேருமிடத்தில் ஒலி விக்கும். கார்டின் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே நகலெடுத்து, செக்சம் (நகல் அச்சு அசலா என்று காட்டும் எண்) சரிபார்த்து, அதன்பிறகே கார்டைத் தொட வேண்டும்.

பார்ப்பதற்கான நகல்

மூன்றும் இன்டர்லேஸ் பதிவுகள்: ஒரு ஃபிரேமில், ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் சேர்ந்த இரண்டு ஃபீல்டு, நொடிக்கு 50 அசைவு. இதை 25 ஃபிரேமாகச் சுருக்கினால் ஓடும் குழந்தைகளின் துள்ளலில் பாதி போய்விடும். பி.டபிள்யூ.டி.ஐ.எஃப். அல்லது கியூ.டி.ஜி.எம்.சி. ஃபில்டரால் 50 ஃபிரேமாக விரிக்க வேண்டும். டிவி கோப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். ஏ.வி.சி.எச்.டி.யிலும், யு.எஸ்.பி. கருவியில் பதிந்த பி.ஏ.எல். அனலாக்கிலும் பொதுவாக மேல் ஃபீல்டு முதலில். மாற்றிக் கொடுத்துவிட்டால் ஓடுகிறவர் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று உதறுவார். படத்தை நிறுத்திப் பார்த்தால் தெரியாது; ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

கேசட்டுகளை என்ன செய்வது

மினிடிவியைப் பிழைக்குறி ஒன்றுகூட இல்லாமல் நகலெடுத்து, அதை இரண்டு மூன்று இடத்தில் வைத்தாகிவிட்டதென்றால் அந்த நாடாவிடம் தர இனி ஒன்றுமில்லை. இருந்த எண்கள் அனைத்தும் வந்துவிட்டன. ஹை8 அப்படியல்ல. டிஜிட்டல்8 வழியே எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அது நாடாவிலிருக்கும் அலைக்கு ஒரு இயந்திரம் சொன்ன பொருள் மட்டுமே. ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே நேரடியாகப் பதிந்து, மீதி வேலை முழுவதையும் மென்பொருளில் செய்யும் வி.எச்.எஸ்-டிகோட் என்ற திறந்த மூலத் திட்டம் 8 மி.மீ. நாடாக்களையும் ஏற்கிறது. அதற்கு பிளேயரைத் திறந்து போர்டில் கம்பி பற்றவைக்க வேண்டும் என்பதால் எல்லா வீட்டுக்கும் இன்றைக்கு ஒத்துவராது. ஆனாலும் அந்த ஆறு கேசட்டுகளையும் முழுக்கத் திரும்பச் சுற்றி, உறையில் போட்டு, நெட்டாக நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.